ஒரு திறவுகோல், இரு கைகள்: சமச்சீர் மறைகுறியாக்கத்தின் வலிமையும் வரம்பும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மலைகள் நெருங்கி வரும் இடத்தில் அமைந்துள்ள ஊர் சிங்காரப்பேட்டை. பாராமகால் மேட்டுநிலத்தையும் கிழக்குச் சமவெளியையும் இணைக்கும் கணவாயின் வாயில் அது. 1767ஆம் ஆண்டில் ஹைதர் அலியின் படையும் ஜோசப் ஸ்மித் தலைமையிலான கம்பெனிப் படையும் மோதிக்கொண்ட செங்கம், இவ்வழியின் மறுமுனையில் இருக்கிறது. அந்நாளில் இத்தகைய வழிகளில் செய்தியைச் சுமந்து சென்றவர்கள் மனிதர்களே. தூதன் பிடிபட்டால் அவன் மடியிலிருந்த கடிதமும் பிடிபட்டது. கடிதம் பிடிபட்டால் படையின் எண்ணமும் வெளிப்பட்டது.

இன்று அதே ஊரின் நியாயவிலைக் கடையில் ஒரு மூதாட்டி கருவியொன்றின்மீது விரலை வைக்கிறார். சில நொடிகளில் மறுமொழி வர, அவருக்குரிய அரிசி அளந்து தரப்படுகிறது. அந்நொடிகளுக்குள் அவருடைய ரேகை விவரம் கைபேசிக் கோபுரம், தொலைத்தொடர்பு நிறுவனம், இடைநிலைக் கணினிகள் எனப் பல இடங்களைக் கடந்து ஆதார் ஆணையத்தின் தரவு மையத்தைச் சென்றடைகிறது. இடையிலுள்ளோர் அதனைப் படிக்க இயலாதிருப்பது எவ்வாறு? கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல்ரேகை களவு போனால் மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆகவே இவ்வினா கணினி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று; விரல் வைக்கும் ஒவ்வொருவருக்கும் உரியது.

அவ்விவரத்தை மறைத்துக் காப்பது 'சமச்சீர் மறைகுறியாக்கம்' எனப்படும் முறை. மறையெழுத்துக் கலையின் மிகப் பழைய வடிவமும் இதுவே; இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் வடிவமும் இதுவே. இதன் வலிமை யாது, வரம்பு யாது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

பூட்டவும் திறக்கவும் ஒன்றே

செய்தியைப் பிறர் படிக்க இயலாத வடிவுக்கு மாற்றுதல் மறைகுறியாக்கம். அதனை மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவருதல் மறைவிலக்கம். இரண்டுக்கும் வேண்டப்படும் இரகசிய எண்ணே திறவுகோல். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே திறவுகோல் பயன்படுமாயின் அம்முறை சமச்சீரானது. அனுப்புநர் கையிலும் பெறுநர் கையிலும் அத்திறவுகோலின் படி ஒன்று இருத்தல் வேண்டும். இம்முறையின் எல்லா நன்மைகளும் எல்லாக் குறைகளும் இவ்வொரு நிபந்தனையிலிருந்தே பிறக்கின்றன.

எளிய எடுத்துக்காட்டு, எழுத்துக்கு எழுத்து மாற்றி எழுதுதல். 28 எழுத்துகளைக் கொண்ட அரபு நெடுங்கணக்கில் எந்த எழுத்துக்கு எதனைப் பதிலாக எழுதுவது என்று இருவர் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்கிறார்கள் எனக் கொள்வோம். அவ்வாறு செய்யக்கூடிய வகைகளின் எண்ணிக்கை 30 இலக்கங்களைக் கொண்ட பேரெண். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க மனித ஆயுள் போதாது. எனவே இது தகர்க்க முடியாத பூட்டு என்றே முதலில் தோன்றும்.

அல்கிந்தி கற்பித்த பாடம்

அந்தத் தோற்றம் பொய் என்பதை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் பாக்தாதின் பேரறிஞர் அல்கிந்தி. கூஃபா நகரில் பிறந்து, அப்பாசியக் கலீஃபாக்களின் ஆதரவில் 'பைத்துல் ஹிக்மா' என்னும் அறிவு மாளிகையோடு தொடர்புகொண்டு வாழ்ந்த அவர், மறையெழுத்தைப் படிக்கும் வழியைப் பற்றித் தனி நூலொன்று இயற்றினார். அதன் கைப்பிரதி இஸ்தான்புல் சுலைமானியா நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1987இல் திமிஷ்கில் பதிப்பிக்கப்பட்டது.

அவர் காட்டிய வழி இது: ஒரு மொழியில் எழுத்துகள் யாவும் ஒரே அளவில் வருவதில்லை, சில அடிக்கடி வரும், சில அரிதாக வரும். அம்மொழியில் எழுதப்பட்ட வெளிப்படையான உரையொன்றை எடுத்து ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுக. பின்னர் மறைகுறி உரையின் குறிகளையும் அவ்வாறே எண்ணி, மிகுதியாக வரும் குறியை மிகுதியாக வரும் எழுத்தோடு பொருத்திப் பார்க்க. முகமூடி அணிந்திருப்பினும் எழுத்தின் நடை அதனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

தமிழுக்கும் இது பொருந்தும். தமிழ்ச் சொல்லின் முதலில் மெய்யெழுத்து வராது. ட, ண, ற, ன, ள, ழ ஆகிய வரிசைகளும் தமிழ்ச் சொற்களின் முதலில் வருவதில்லை. சொல்லிறுதியில் 'ம்', 'ன்' முதலியன அடிக்கடி வரும். சொல்லிடைவெளியோடு எழுதப்பட்ட தமிழ் மறைகுறி உரையில் சொல்லின் தொடக்கத்தில் ஒருபோதும் காணப்படாத குறி எவ்வினத்தைச் சேர்ந்தது என்பதை இலக்கணம் அறிந்த ஒருவர் எளிதில் ஊகித்துவிடுவார். முப்பது இலக்கப் பேரெண் அங்கே உதவாது போகிறது.

அல்கிந்தியோடு இக்கலை நின்றுவிடவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் இப்னு துரைஹிம் இத்துறையில் எழுதியவற்றை, எகிப்தின் மம்லூக் அரசில் பணியாற்றிய அல்கல்கஷந்தி, 1412இல் நிறைவு செய்த தம் கலைக்களஞ்சியமான 'சுப்ஹுல் அஃஷா'வில் எடுத்தாண்டுள்ளார். அரசு ஆவணங்களை வரைவோருக்கென எழுதப்பட்ட அந்நூலில் மறையெழுத்துக்கும் ஓர் இடம் இருந்தது கருதத்தக்கது.

இவ்வரலாறு தரும் பாடம் ஒன்று உண்டு. திறவுகோல்களின் எண்ணிக்கை பெரிதாயிருத்தல் இன்றியமையாதது. ஆனால் அது மட்டும் போதாது. மூல உரையின் சுவடு மறைகுறி உரையில் எஞ்சாதிருத்தலும் வேண்டும்.

முறை வெளிப்படை, திறவுகோலே இரகசியம்

இரண்டாம் பாடத்தைத் தந்தவர் நெதர்லாந்தில் பிறந்து பிரான்ஸில் மொழியாசிரியராக விளங்கிய ஒகஸ்த் கெர்க்கோஃப்ஸ். 1883இல் வெளியிட்ட இராணுவ மறையெழுத்தியல் கட்டுரையில், மறைகுறியாக்க முறை எதிரியின் கையில் சிக்கினாலும் தீங்கு விளையக் கூடாது என்னும் கொள்கையை அவர் நிறுவினார். பூட்டின் அமைப்பை ஊரறியலாம். திறவுகோல் மட்டுமே இரகசியமாயிருத்தல் வேண்டும் என்பது இதன் கருத்து.

இக்கொள்கையைப் புறக்கணித்ததன் விளைவை நம் கைபேசிகளே காட்டுகின்றன. ஜிஎஸ்எம் வகைக் கைபேசிகளில் சிம் அட்டைக்குள் 128 பிட் நீளமுள்ள திறவுகோல் ஒன்று பதிக்கப்படுகிறது; அதன் படி சேவை நிறுவனத்திடம் இருக்கும். இது தூய சமச்சீர் முறை. ஆனால் உரையாடலை மறைக்கப் பயன்பட்ட 'ஏ5/1' என்னும் முறையை வடிவமைத்தோர் அதனை வெளியிடாது மறைத்து வைத்தனர். 1994இல் அதன் உருவரை கசிந்தது. 1999இல் அதன் முழு அமைப்பும் பிரித்தறியப்பட்டது. 64 பிட் திறவுகோலில் 10 பிட்கள் சுழியமாகவே விடப்பட்டிருந்ததும் அம்பலமாயிற்று. 2009 டிசம்பரில் ஜெர்மானியப் பொறியியலாளர் கார்ஸ்டன் நோல், எளிய கருவிகளைக் கொண்டே அதனை உடைக்க உதவும் அட்டவணைகளைப் பற்றி அறிவித்தார். அறிஞர் பலரின் சோதனைக்கு உட்படாத முறை, கோடிக்கணக்கானோரின் பேச்சைப் பல்லாண்டுகள் அரைகுறையாகவே காத்து வந்தது.

வலிமை: டிஇஎஸ் முதல் ஏஇஎஸ் வரை

1977இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்ற டிஇஎஸ் என்னும் முறை, அல்கிந்தியின் வழியிலான எண்ணிப் பார்க்கும் தாக்குதலுக்கு இடங்கொடாதவாறு அமைந்தது. அதன் குறை திறவுகோலின் நீளத்தில் இருந்தது. 56 பிட் திறவுகோல் எனின், இயலக்கூடிய திறவுகோல்கள் 17 இலக்க எண் அளவே. 1998இல் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு இதற்கெனவே உருவாக்கிய இயந்திரம் 56 மணி நேரத்தில் சரியான திறவுகோலைக் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அவ்வியந்திரமும் இணையத்தால் இணைந்த கணினிகளும் சேர்ந்து 22 மணி 15 நிமிடத்தில் அதனைச் சாதித்தன. டிஇஎஸ்ஸை மும்முறை அடுக்கிய 'மும்மை டிஇஎஸ்' வங்கித் துறையில் நெடுங்காலம் நிலைத்தது. அதுவும் முதுமையடைந்தது, புதிதாக மறைகுறியாக்கம் செய்ய அதனைப் பயன்படுத்துவதை அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2023க்குப் பின் அனுமதிக்கவில்லை.

புதிய தரத்தைத் தேர்ந்தெடுத்த விதம் கெர்க்கோஃப்ஸின் கொள்கைக்கு இலக்கணமாயிற்று. 1997இல் திறந்த போட்டி அறிவிக்கப்பட்டது. 15 முறைகள் ஏற்கப்பட்டு, உலக அறிஞர்கள் அவற்றை உடைக்க முயல அழைக்கப்பட்டனர். 2000 அக்டோபரில் பெல்ஜிய நாட்டவரான யோன் டாமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவரின் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. 2001 நவம்பரில் 'ஏஇஎஸ்' என்னும் பெயரில் அது தரமாயிற்று.

ஏஇஎஸ் செய்தியை 16 பைட் கொண்ட தொகுதிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு தொகுதியும் நான்குக்கு நான்கு கட்டமாக அமைகிறது. ஒவ்வொரு பைட்டையும் குறித்த அட்டவணைப்படி வேறொன்றாக மாற்றுதல், வரிசைகளை நகர்த்துதல், நெடுவரிசைகளைக் கலத்தல், திறவுகோலிலிருந்து பெற்ற எண்ணைச் சேர்த்தல் என்பன ஒரு சுற்று. கடைசிச் சுற்றில் மட்டும் கலத்தல் இல்லை. 128 பிட் திறவுகோலுக்கு 10 சுற்றுகள். 256 பிட் திறவுகோலுக்கு 14 சுற்றுகள். இவை முடியும்போது மூலத்தில் ஒரு பிட் மாறினாலும் தொகுதி முழுவதும் அடையாளம் தெரியாதவாறு மாறிவிடும். அல்கிந்தி தேடிய சுவடு இங்கே எஞ்சுவதில்லை.

128 பிட் திறவுகோல்களின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்டது. நொடிக்கு ஒரு இலட்சம் கோடி திறவுகோல்களைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று இருப்பதாகக் கொண்டாலும், அனைத்தையும் சோதித்து முடிக்கப் பேரண்டத்தின் வயதாகிய 1380 கோடி ஆண்டுகளைப்போல் ஏறத்தாழ 78 கோடி மடங்கு காலம் வேண்டும். 2011இல் வெளிவந்த நுட்பமான தாக்குதலொன்று இவ்வுழைப்பை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைத்தது. நடைமுறையில் அதனால் மாற்றம் ஏதுமில்லை.

வேகமும் இதன் பெருஞ்சிறப்பு. 2010 முதல் இன்டெல் செயலிகளில் ஏஇஎஸ்ஸுக்கெனத் தனிக் கட்டளைகளே அமைக்கப்பட்டுள்ளன. முழு வன்தட்டையும் மறைகுறியாக்கினாலும் பயனர் அதனை உணர்வதில்லை.

வரம்புகள்

இத்தனை வலிமை இருந்தும் குறைகள் உள்ளன. அவற்றுள் முதன்மையானவை நான்கு.

முதலாவது, திறவுகோலைக் கொண்டு சேர்த்தல். பாதுகாப்பான வழி இல்லாததால்தான் மறைகுறியை நாடுகிறோம். ஆனால் மறைகுறிக்குரிய திறவுகோலை அனுப்பவே பாதுகாப்பான வழி வேண்டும்! கணவாய் வழியே கடிதம் செல்லுமுன் திறவுகோல் ஏதோவொரு வழியாகச் சென்று சேர்ந்திருக்க வேண்டும். வங்கித் துறை இதற்குக் கண்ட பழைய தீர்வு சுவையானது. தானியங்கிப் பணப்பொறியின் தலைமைத் திறவுகோலை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து வெவ்வேறு அலுவலரிடம் ஒப்படைப்பார்கள். ஒவ்வொருவரும் தம் பகுதியை மட்டும் உள்ளிட, முழுத் திறவுகோல் பொறிக்குள்ளேயே உருவாகும். எவர் ஒருவரும் அதனை முழுமையாக அறியார்.

இரண்டாவது, எண்ணிக்கைப் பெருக்கம். ஓசூர்த் தொழிற்பேட்டையில் 200 சிறு தொழிற்கூடங்கள் தத்தம் வரைபடங்களை ஒன்றுக்கொன்று இரகசியமாக அனுப்ப விரும்புவதாகக் கொள்வோம். ஒவ்வோர் இணைக்கும் தனித் திறவுகோல் எனின் 19,900 திறவுகோல்கள் வேண்டும். தொழிற்கூடங்கள் 1,000 ஆனால் 4,99,500 வேண்டும். ஆட்கள் ஐந்து மடங்காகத் திறவுகோல்கள் இருபத்தைந்து மடங்காகின்றன.

மூன்றாவது, சான்றின்மை. திறவுகோல் இருவர் கையிலும் இருப்பதால், ஒரு செய்தியை எழுதியவர் இவர்தாம் என்று மூன்றாமவர் முன்னிலையில் மெய்ப்பிக்க இயலாது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே முத்திரையை வைத்திருந்தால், பத்திரத்தில் முத்திரையிட்டவர் யார் என்பதை நடுவர் எங்ஙனம் அறிவார்? இரு தரப்பும் ஒருவரையொருவர் நம்பும் வரையில்தான் சமச்சீர் முறை சான்றாகும். வழக்கென்று வந்தால் வேறு முறையிலான மின்னொப்பம் வேண்டும்.

நான்காவது, பயன்படுத்தும் விதத்தில் நேரும் பிழை. ஒரே திறவுகோலால் ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியே மறைத்தால், ஒரே மூலத் தொகுதி எங்கு வந்தாலும் ஒரே மறைகுறியாகவே தோன்றும். அழித்த சுவடு மீண்டும் தலைகாட்டும். 2013இல் அடோபி நிறுவனத்தின் பயனர் விவரங்கள் களவு போனபோது இது உலகறிய வெளிப்பட்டது. கடவுச்சொற்கள் மும்மை டிஇஎஸ் முறையில் ஒரே திறவுகோலால் இவ்வாறு மறைக்கப்பட்டிருந்தன. ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தோர் யாவருக்கும் ஒரே மறைகுறி. பயனர்கள் தம் நினைவுக்காக எழுதி வைத்த குறிப்புகளை ஒப்பிட்டே, திறவுகோல் இல்லாமல், பல கடவுச்சொற்களை ஆய்வாளர்கள் ஊகித்தறிந்தனர். ஏறத்தாழ 19 இலட்சம் பேர் '123456' என்பதைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தது அப்போது தெரிய வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்கிந்தி செய்ததும் இதுவே: பூட்டை உடைக்காமல், திரும்பத் திரும்ப வருவதை எண்ணிப் பார்த்தல்.

கணிதத்தால் முற்றிலும் உடைக்க முடியாத முறையொன்றும் உண்டு. செய்தியின் நீளத்துக்குச் சமமான, முழுதும் தற்செயலான திறவுகோலை ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்துவது அது. கிளாட் ஷானன் 1949இல் அதன் முழுமையை மெய்ப்பித்தார். ஆயினும் திறவுகோலைச் சுமந்து செல்வது செய்தியைச் சுமந்து செல்வதற்கு நிகரான பாரமாகிவிடுகிறது. 1940களில் சோவியத் உளவுத்துறை அத்தகைய தாள்கள் சிலவற்றை இருமுறை பயன்படுத்திவிட, அமெரிக்கர் 'வெனோனா' திட்டத்தின் வழியே அச்செய்திகளிற் சிலவற்றைப் படித்தனர்.

இரண்டையும் இணைத்தல்

1976இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோரும், 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஆடில்மன் ஆகிய மூவரும் முன்வைத்த கருத்துகள் புதுவழி திறந்தன. மூவர் வகுத்த ஆர்எஸ்ஏ முறையில் பூட்டுவதற்கு ஒரு திறவுகோல். அதனை எல்லோருக்கும் கொடுக்கலாம். திறப்பதற்கு வேறொரு திறவுகோல். அது உரியவரிடம் மட்டும் இருக்கும். கொண்டு சேர்க்கும் இடர் இதனால் நீங்கியது. ஆனால் இம்முறை மிக மெதுவானது. 2048 பிட் ஆர்எஸ்ஏ ஒரு முறைக்கு 256 பைட்டுக்கும் குறைவான செய்தியையே ஏற்கும். ஆகவே நடைமுறையில் இரண்டும் இணைக்கப்படுகின்றன.

நியாயவிலைக் கடையின் விரல்ரேகைக்கு நேர்வது இதுதான். ஆதார் ஆணையத்தின் தொழில்நுட்ப விதிப்படி, அந்த ஒரு பரிமாற்றத்துக்கென 256 பிட் ஏஇஎஸ் திறவுகோல் ஒன்று புதிதாகப் பிறக்கிறது. ரேகை விவரம் அதனால் மறைக்கப்படுகிறது. பின்னர் அச்சிறு திறவுகோல் மட்டும் ஆணையத்தின் 2048 பிட் பொதுத் திறவுகோலால் பூட்டப்பட்டு உடன் அனுப்பப்படுகிறது. ஆணையத்திடமுள்ள தனித் திறவுகோல் அதனைத் திறக்க, அது ரேகை விவரத்தைத் திறக்கும். வழியில் எவரும் விவரத்தை மாற்றவில்லை என்பதைச் சரிபார்க்கவும் தனி ஏற்பாடு உண்டு. மறைப்பது வேறு, மாறாமல் காப்பது வேறு என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். 2017 முதல் பதிவு செய்யப்பட்ட கருவிகள் கட்டாயமாக்கப்பட்டபின், இம்மறைப்பு ரேகை வாங்கும் கருவியின் பொறுப்பாயிற்று.

எதிர்காலத்தையும் ஒரு சொல்லில் குறிக்கலாம். குவாண்டம் கணினி முழுமை பெற்றால், 1994இல் பீட்டர் ஷோர் காட்டிய வழியில் ஆர்எஸ்ஏ வீழும். சமச்சீர் முறையோ, 1996இல் லவ் குரோவர் காட்டிய வழியால் திறவுகோலின் நீளம் பாதியாகக் குறைந்த அளவு வலிமையை மட்டுமே இழக்கும். 256 பிட் ஏஇஎஸ் அப்போதும் 128 பிட் அளவு காப்பு அளிக்கும். பழைய முறை நிலைக்க, அதற்குத் துணையாக வந்த புதிய முறையே மாற்றப்பட வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் நிஸ்ட் அதற்கு மாற்றான முதல் தரங்களை வெளியிட்டது.

அமானிதம் யார் கையில்?

வலிமையான பூட்டு நல்லவருக்கு மட்டும் பயன்படுவதில்லை. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாகிரை' நச்சுநிரல், கணினியிலிருந்த கோப்புகளை ஏஇஎஸ் கொண்டே பூட்டி மீட்புப் பணம் கேட்டது. சென்னையை அடுத்த ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. உரியவரிடம் திறவுகோல் இல்லையெனின் அவருடைய செல்வமும் அவருக்கு எட்டாததாகிவிடுகிறது.

இன்றைய கள்வர் ஏஇஎஸ்ஸை உடைக்க முயல்வதில்லை. திறவுகோல் இருக்கும் கையைத் தேடிச் செல்கின்றனர். சிம் அட்டைத் திறவுகோல்களைப் பெற அமெரிக்க, பிரித்தானிய உளவு அமைப்புகள் ஜெமால்டோ நிறுவனத்துக்குள் ஊடுருவியதாக 2015 பிப்ரவரியில் வெளியான ஸ்னோடென் ஆவணங்கள் கூறின. 2010, 2011 ஆண்டுகளில் ஊடுருவல் நேர்ந்திருக்கலாம் என ஏற்ற அந்நிறுவனம், திறவுகோல்கள் பெருமளவில் களவு போனதை மறுத்தது. பெரிய அமைப்புகள் ஆலையின் கதவைத் தட்டுகின்றன. சிறு கள்வர் நம் கைபேசியை அழைக்கின்றனர். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் கேட்கும் ஒருமுறைக் கடவெண்ணும் அட்டையின் இரகசிய எண்ணும், வங்கியும் நாமும் மட்டும் அறிந்திருக்க வேண்டிய கூட்டு இரகசியங்கள். ஓசூரில் உழைத்துப் பெற்ற ஊதியத்தைக் கைபேசி வழியே ஊருக்கு அனுப்பும் தொழிலாளி அதனைச் சொல்லிவிட்டால், பேரண்டத்தின் வயதைப்போல் 78 கோடி மடங்கு காலம் தாங்கும் பூட்டு ஒரு நிமிட உரையாடலில் திறந்துவிடும். அவ்வாறு நேர்ந்தால் காலந்தாழ்த்தாது 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணில் முறையிடுதல் வேண்டும்.

சமச்சீர் முறையில் இரகசியம் எப்போதும் இருவருக்குரியது. ஒருவர் எவ்வளவு விழிப்பாக இருப்பினும், மற்றவர் தவறினால் இருவரும் இழப்பர். ஆகவே மக்களிடம் விழிப்பைக் கேட்கும் அரசும் வங்கியும் தம் கையிலுள்ள மறுபடியையும் அதே விழிப்போடு காத்தல் வேண்டும். கணிதம் தன் பங்கைச் செவ்வனே செய்துவிட்டது. எஞ்சியிருப்பது, ஒப்படைக்கப்பட்டதை உரியவருக்காகக் காக்கும் பொறுப்பு. அதனை எந்த இயந்திரமும் நமக்காக ஏற்றுக்கொள்ளாது.